காலி வண்டி

சோமசுந்தரம் அந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை வாங்கியபோது அதற்குப் பத்து வயது. பாண்டிச்சேரியில் ஒரு டாக்டர் வைத்திருந்த வண்டி. சுரங்கத்தில் கன்வேயர் பிரிவில் சார்ஜ்மேனாக இருந்தவருக்குக் கார் அவசியமே இல்லை. ஷிப்ட் பஸ் குவார்ட்டர்ஸ் தெருமுனையிலேயே வந்து நிற்கும். மற்ற இடங்களுக்குச் சைக்கிள் போதும். ஆனால் அந்த வருடம், எண்பத்தொன்றில், அவர் வடக்குத்தில் ஒரு மனை வாங்கி வீடு கட்டத் தொடங்கியிருந்தார். அப்போது சிமெண்ட் சர்க்கார் பர்மிட்டுக்குத்தான் கிடைக்கும். கிடைக்கிறது என்று சேதி வந்த அன்றே போய்த் தூக்கிவர வேண்டும். ஒரு தடவை கடலூர், ஒரு தடவை விருத்தாசலம். லாரிக்காரர்கள் ஆறு மூட்டைக்கெல்லாம் வரமாட்டார்கள்.

காரின் பின் சீட்டைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டு, நாலு மூட்டையை உள்ளேயும் இரண்டை டிக்கியிலும் அடுக்கிக்கொண்டு வருவார். மூன்றாவது நடையிலேயே வண்டி பின்பக்கமாகக் குந்திவிட்டது. பள்ளத்தில் இறங்கினால் டயர் மட்கார்டில் உரசி ரப்பர் கருகும் வாடை வந்தது. சீட்டைத் திரும்ப மாட்டிய நாட்களிலும் சுகமில்லை. வடலூர் போய்வந்த அவர் மனைவி நாகம்மாள், இதற்குப் பஸ்ஸிலேயே நின்றுகொண்டு போயிருக்கலாம் என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

குறிஞ்சிப்பாடியில் கொளஞ்சிநாதன் என்று ஒருவர் ஸ்பிரிங் பட்டறை வைத்திருந்தார். லாரி, டிராக்டர் டிரெய்லர், மாட்டு வண்டிக்குக்கூட வேலை செய்வார். சோமசுந்தரம் அவரிடம் போய், பாரம் தாங்க வேண்டும், குலுங்கக் கூடாது, வளைவில் ஆடவும் கூடாது என்று மூன்றையும் கேட்டார். கொளஞ்சிநாதன் காருக்கு அடியில் படுத்து வெகுநேரம் பார்த்தார்.

மற்ற கார்களைப் போல ஹெரால்டுக்குப் பின்னால் இரண்டு ஸ்பிரிங் கிடையாது. இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து, குறுக்காக ஒரே ஒரு பட்டைக் கட்டு. கொளஞ்சிநாதன் அந்தக் கட்டில் இரண்டு பட்டைகளைக் கூடுதலாகச் சேர்த்து, பழைய பட்டைகளையும் உலையில் வைத்து வளைத்துக் கொடுத்தார். முன்பக்கச் சுருள் ஸ்பிரிங்குகளுக்கு ரப்பர் வைத்தார். சோமசுந்தரம் மெட்ராஸுக்கு எழுதி நாலு ஷாக் அப்சார்பர்களை வரவழைத்தார். மூன்று நாள் வேலை. முடிந்தபோது காரின் பின்பக்கம் நாலு விரற்கடை தூக்கிக்கொண்டு நின்றது. பின் சக்கரங்கள் இரண்டும் அடியில் உள்வாங்கி, தலை வெளியே சாய்ந்திருந்தன.

"இது என்ன, சக்கரம் இப்படிக் காலை ஒடுக்கிக்கிட்டு நிக்குது?" என்று கேட்டார் சோமசுந்தரம்.

"பாரம் ஏத்தினா நேரா வந்துடும் சார். பாரத்தோட நீங்க எப்படி வேணா போங்க, ரயிலு மாதிரி போவும்" என்றார் கொளஞ்சிநாதன். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே பக்கத்தில் வந்தார். "ஒண்ணு சொல்றேன், மனசுல வச்சிக்கினு போங்க. காலியா ஓட்டிக்கினு போவச்சொல்ல வளைவுல வேகம் ஆவாது. வெளிப்பக்கச் சக்கரம் உள்ள மடங்கிச்சின்னா வண்டி தூக்கி அடிச்சிடும். நீங்க ஓட்டுங்க. தெரியாதவங்க கையில குடுக்காதீங்க."

சோமசுந்தரம் தலையாட்டிவிட்டு வந்தார். பட்டறைக்காரர்கள் எதற்கும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள் என்று அவருக்கு எண்ணம்.

அடுத்த வாரம் ஆறு மூட்டையோடு விருத்தாசலத்திலிருந்து வந்தார். கொளஞ்சிநாதன் சொன்னது நிஜம்தான். கார் பள்ளங்களை விழுங்கிக்கொண்டு வந்தது. வளைவில் ஒரு சாய்வு இல்லை. மூட்டைகளை வடக்குத்தில் இறக்கிவிட்டு, அதே சந்தோஷத்தில் டவுன்ஷிப்புக்குள் நுழைந்து ரவுண்டானாவைச் சுற்றியபோது பின்பக்கம் திடீரென்று எழும்பி ஒரு முழம் தள்ளிப் போய் விழுந்தது. எதிரில் யாரும் இல்லாததால் தப்பித்தார். வண்டியை ஓரங்கட்டிப் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்கே இரண்டு சாக்குகளில் ஆற்றுமணலை நிரப்பி, வாய் தைத்து, டிக்கியில் போட்டார். மணல் மூட்டை இருந்தால் சக்கரங்கள் ஓரளவு நேராக நின்றன. சிமெண்ட் ஏற்றும்போது மூட்டைகளை எடுத்துவிடுவார். ஏற்றாத நாட்களில் திரும்பப் போடுவார். எதற்கு என்று நாகம்மாள் கேட்டதற்கு, காலியாகப் போனால் வண்டி துள்ளும் என்று மட்டும் சொன்னார். வேறு யாரிடமும் சொல்லவில்லை. காண்டீனில் அவர் பேசியதெல்லாம் ஆறு மூட்டையைச் சுமந்துகொண்டு அலுங்காமல் வந்த கதைதான். ஒரு சின்னக் காரை இப்படி ஆக்கியவர் டவுன்ஷிப்பிலேயே தான் ஒருவர்தான் என்று அவருக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது.

அந்தக் கதையை அதிகம் கேட்டவன் வைத்திலிங்கம். சோமசுந்தரத்தின் ஷிப்டிலேயே டெக்னீஷியன், குடியிருப்பது நாலு வீடு தள்ளி. குறிஞ்சிப்பாடிப் பக்கத்து ஆள், முப்பது வயது இருக்கும். வடக்குத்தில் மனை இருக்கிறது என்று சேதி கொண்டுவந்ததும், விற்றவரிடம் கூட நின்று பேசியதும் அவன்தான். லைசென்ஸ் எடுத்து ஐந்து வருடமாகிறது. லீவு நாட்களில் மாமன் வீட்டு வேனை ஓட்டுவான். சுரங்கத்தில் மண் சுமக்கும் பெரிய டம்பர் வண்டி ஓட்டும் பயிற்சிக்கும் மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தான். அவன் மனைவி கலியம்மாள் அந்தத் தெருப் பெண்களுக்கெல்லாம் ஜாக்கெட் தைத்துக் கொடுப்பாள். நாகம்மாளும் அவளிடம்தான் கொடுப்பாள்.

ஆவணியில் கலியம்மாளின் தங்கைக்குக் கல்யாணம் வந்தது. குள்ளஞ்சாவடிப் பக்கத்தில் ஒரு கிராமம். சீர்ப் பாத்திரங்களைக் கொண்டுபோக ஒருநாள் காரைத் தர முடியுமா என்று வைத்திலிங்கம் கூச்சத்தோடு கேட்டான். சோமசுந்தரம் உடனே சரி என்றார். அவனுக்கு இல்லை என்று சொல்ல அவருக்கு வாயே வந்திருக்காது.

கல்யாணத்தன்று காலை பித்தளை அண்டா, குடங்கள், தாம்பாளங்கள், ஒரு மூட்டை அரிசி எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டன. கலியம்மாளோடு அவள் அத்தைமார் இருவரும் ஒரு சித்தப்பாவும் ஏற வேண்டும். டிக்கியில் இடம் போதவில்லை. நாகம்மாள்தான் அந்த மணல் மூட்டைகளை இறக்கி வைத்தால் என்ன என்றாள். சோமசுந்தரமே இரண்டையும் இழுத்து இறக்கி வாசல் வராந்தாவில் போட்டார். இவ்வளவு பாரம் போகும்போது மூட்டை வேண்டியதில்லை என்பது அவருக்குத் தெரியும். திரும்பி வரும்போது காலியாக வரும் என்பதும் தெரியும். சாவியைக் கையில் கொடுக்கும்போது கொளஞ்சிநாதனின் எச்சரிக்கை அவர் வாய்வரை வந்தது. சொன்னால், இப்படியொரு குறையுள்ள வண்டியையா இத்தனை நாள் புகழ்ந்தீர்கள் என்று அவன் நினைப்பான். அத்தைமார்கள் ஏற யோசிப்பார்கள். கொடுக்க மனமில்லாமல் பேசுகிறார் என்றுகூடத் தோன்றலாம்.

"நல்லா ஓடும், போய்ட்டு வா" என்றார்.

அன்று பகல் இரண்டு மணி ஷிப்டுக்கு வைத்திலிங்கம் வர வேண்டும். தாலி கட்டி, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு அவனும் கலியம்மாளும் மட்டும் புறப்பட்டார்கள். தைக்க வாங்கிய துணி பாக்கி இருக்கிறது என்று அவளும் கிளம்பிவிட்டாள். ஏறியதுமே களைப்பில் பின் சீட்டில் சாய்ந்து தூங்கிப்போனாள். போகும்போது அத்தனை பேரோடும் பாத்திரங்களோடும் சுலபமாகத் திரும்பிய அதே ஏரிக்கரை வளைவில், அதே வேகத்தில் அவன் திருப்பினான். கார் பின்பக்கம் எழும்பி, இடது பக்கமாகக் கவிழ்ந்து, கரையிலிருந்து கீழே நாற்றங்காலில் போய் விழுந்தது.

சேதி வந்தபோது சோமசுந்தரம் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். செருப்பைப் போட வராந்தாவுக்கு வந்தவர், அந்த இரண்டு மூட்டைகளையும் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போனார். வைத்திலிங்கத்துக்குச் சிராய்ப்புத்தான். பட்டுச் சட்டை முழுக்கச் சேறு. கலியம்மாளின் வலது முழங்கை மூன்றாக உடைந்திருந்தது. உள்ளே ஆபரேஷனுக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

"சார், உங்க வண்டிய கவுத்துட்டேன் சார்" என்று அவன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வண்டி கெடக்குது, விடு" என்றார் சோமசுந்தரம்.

சுற்றியிருந்தவர்கள் அதைக் கேட்டார்கள். என்ன மனுஷன், காரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று ஒரு அம்மாள் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னது அவர் காதிலும் விழுந்தது. அவர் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். இப்போது சொல்லிவிடலாமா என்று நினைத்தார். உள்ளே ஒரு பெண்ணுக்கு எலும்பைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள், இந்த நேரத்தில் ஸ்பிரிங்கைப் பற்றியா பேசுவது என்று அதற்கு ஒரு சமாதானமும் கிடைத்தது.

மறுநாள் காலையில் டிராக்டர் வைத்துக் காரைத் தூக்கினார்கள். இடது பின் சக்கரம் முழுக்க உள்ளே மடங்கிக் கிடந்தது. சோமசுந்தரம் காரை டவுன்ஷிப்புக்குக் கொண்டுவரவில்லை. அப்படியே குறிஞ்சிப்பாடிக்கு இழுத்துப் போகச் சொன்னார். அங்கே கொளஞ்சிநாதனிடம், சேர்த்த இரண்டு பட்டைகளையும் எடுத்துவிட்டுப் பழையபடி ஆக்கிக் கொடுங்கள் என்றார்.

கொளஞ்சிநாதன் சக்கரத்தைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"ஓட்டினவர்கிட்ட சொல்லித்தானே குடுத்தீங்க?"

"சொன்னேன்" என்றார் சோமசுந்தரம்.

வேலை முடியும்வரை கொளஞ்சிநாதன் அவரை உட்காரச் சொல்லவில்லை.

பத்து நாளில் பேச்சு வேறு விதமாகப் பரவிவிட்டது. வெட்டவெளி ரோட்டில், எதிரில் ஒரு சைக்கிள்கூட வராதபோது வண்டி எப்படிக் கவிழும்? கல்யாண வீட்டில் ஊற்றிக்கொண்டு வந்திருப்பான் என்று காண்டீனில் யாரோ சொன்னார்கள். அது தெருவுக்கு வந்தது, பெண்கள் பேச்சில் நுழைந்தது. வைத்திலிங்கம் ஒரு சொட்டுத் தொடவில்லை என்று சத்தியம் செய்தான். அப்படியென்றால் எப்படிக் கவிழ்ந்தது என்று கேட்டால் தெரியவில்லை என்பான். விடியற்காலை எழுந்தது, பந்திச் சாப்பாடு, வெயில். ஒருவேளை ஒரு நொடி கண் அசந்துவிட்டேனோ என்று சோமசுந்தரத்திடமே கேட்டான். அவர், நடந்ததை நினைத்துக்கொண்டே இராதே என்றார்.

ஐப்பசியில் டம்பர் பயிற்சிக்கான தேர்வு வந்தது. வைத்திலிங்கம் ஆபீசுக்குப் போய்த் தன் பெயரை எடுத்துவிடச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். காரையே ஒழுங்காக ஓட்டத் தெரியாதவன் அத்தனை பெரிய வண்டியில் ஏறி யாரைக் கொல்வது என்றான். சோமசுந்தரம் அவன் தோளைத் தட்டினார். அந்தக் கையை எடுத்த பிறகு அதை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

கலியம்மாளின் முழங்கை பாதிக்கு மேல் மடங்கவில்லை, முழுதாக நீளவும் இல்லை. எலும்பு உடைந்த விதம் அப்படி, இதற்கு மேல் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தையல் மெஷினைத் துணி போட்டு மூடி வைத்தாள். தெருப் பெண்கள் வேறு இடத்தில் தைக்கக் கொடுக்கத் தொடங்கினார்கள்.

வைத்திலிங்கம் காருக்கு ஈடு கொடுக்க வந்தபோது சோமசுந்தரம் வாங்க மறுத்தார். அப்படியென்றால் உடம்பாலாவது செய்கிறேன் என்று அவன் வடக்குத்துக்குப் போகத் தொடங்கினான். ஷிப்ட் முடிந்ததும் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்ச் சுவர்களுக்குத் தண்ணீர் அடிப்பான். செங்கல் வந்தால் இறக்கி அடுக்குவான். வேண்டாம் என்று சோமசுந்தரம் நாலைந்து தடவை சொன்னார். அவன் கேட்கவில்லை. பிறகு சொல்வதை அவர் நிறுத்திக்கொண்டார். ஒரு சாயங்காலம் கொத்தனார் வெள்ளைச்சாமி, உங்க தம்பி மாதிரி ஒரு தம்பி யாருக்கும் வாய்க்காது சார் என்றார். சோமசுந்தரம் அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தார். வீட்டின் ஒவ்வொரு வரிசைச் செங்கலையும் அவன் நனைத்துக்கொண்டிருந்தான். அவருக்கு அந்த மனைக்குப் போகவே பிடிக்காமல் போயிற்று. அவன் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய்வந்தார்.

எத்தனையோ முறை சொல்ல நினைத்தார். ஷிப்ட் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து, சுரங்க வாசல்வரை வாக்கியத்தைக் கோத்துக்கொண்டே போவார். இறங்கும்போது, சாயங்காலம் பார்க்கலாம் வைத்தி என்று முடிந்துவிடும். நாள் ஆக ஆகச் சொல்ல வேண்டியது இரண்டாகிவிட்டது. அன்றைக்குச் சொல்லாததைச் சொல்ல வேண்டும். இத்தனை நாள் சொல்லாததையும் சொல்ல வேண்டும்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் கலியம்மாள் அவர்கள் வீட்டுக்கு வந்தாள். நாகம்மாளைப் பார்க்க வந்தவள் போல உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தாள். இடது கையால்தான் டம்ளரைப் பிடித்தாள். பிறகு சோமசுந்தரத்தைப் பார்த்து, ஒன்று கேட்க வேண்டும் என்றாள்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு முதல்ல வந்தது நீங்கதான் சார். அவரு கையப் புடிச்சிக்கினு நின்னாரு இல்ல? அப்ப அவருகிட்ட வாடை எதனா வந்துதா? நான் பின்னால தூங்கிக்கினு வந்தேன், எனக்கு ஒண்ணும் தெரியல. எங்கிட்ட மறைக்காதீங்க."

"இல்லம்மா. அவன் குடிக்கல. அது எனக்கு நல்லாத் தெரியும்."

"அப்ப வண்டி எப்படி சார் கவுந்துது? தூங்கிட்டாருன்னா தூங்கிட்டேன்னு சொல்லட்டும். குடிச்சாருன்னா குடிச்சேன்னு சொல்லட்டும். தெரியலன்னு சொல்லிக்கினே இருந்தா நான் என்னன்னு எடுத்துக்கிறது?"

சோமசுந்தரம் தரையைப் பார்த்தார். "ரோடு ஈரமா இருந்திருக்கும்" என்றார்.

"அன்னிக்கு மழையே இல்ல சார்" என்றாள் கலியம்மாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

நாகம்மாள் கதவைச் சாத்தினாள். வந்து அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"அந்த மணல் மூட்டையைப் பத்தி அவகிட்ட ஏன் சொல்லல?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்? ஆனா காலியாப் போனா துள்ளும்னு நீங்கதான் சொன்னீங்க. அதை எறக்கி வைங்கன்னு சொன்னது நான். நீங்க எறக்குனீங்க. எட்டு மாசமா நீங்க வாயைத் தொறப்பீங்கன்னு பாத்துக்கிட்டிருக்கேன். அவ கையைப் பாக்குறப்பல்லாம் எனக்குச் சோறு எறங்கல."

இத்தனை நாளும் அந்த வீட்டில் தான் ஒருவர்தான் இதைச் சுமக்கிறோம் என்று அவர் நினைத்திருந்தார். அவளுக்கும் அதில் பாதியைத் தந்துவிட்டிருந்ததை அப்போதுதான் அறிந்தார்.

மறுநாள் வடக்குத்து வீட்டில் கூரைக் கான்கிரீட் போட்டு ஐந்தாம் நாள். தளத்தின் மேல் சிமெண்டால் சின்னச் சின்னப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருந்தார்கள். சோமசுந்தரம் சாரத்தில் ஏறி மேலே போனபோது வைத்திலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியால் ஊற்றிக்கொண்டிருந்தான். அவர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். ஸ்பிரிங்கில் பட்டை சேர்த்ததிலிருந்து தொடங்கினார். கொளஞ்சிநாதன் எச்சரித்தது, ரவுண்டானாவில் தனக்கே தூக்கி அடித்தது, மணல் மூட்டை, அன்று காலை அதை இறக்கியது, சாவி கொடுக்கும்போது வாய்வரை வந்து நின்றது, பிறகு பட்டைகளைக் கழற்றி மறைத்தது. ஒன்றையும் விடவில்லை.

வைத்திலிங்கம் வாளியில் மிச்சமிருந்த தண்ணீரைப் பாத்தியில் மெதுவாகச் சரித்தான். வாளியைக் கவிழ்த்து வைத்தான்.

"காலியா வந்தா அப்பிடி ஆவும்னு உங்களுக்கு முன்னியே தெரியும்?"

"தெரியும்."

"நான் தூங்கல?"

"நீ தூங்கல வைத்தி. நீ சரியாத்தான் ஓட்டியிருக்கே. அந்த வளைவுல அந்த வண்டிய யார் ஓட்டியிருந்தாலும் அதுதான்."

அவன் அடிப்பான் என்று சோமசுந்தரம் எதிர்பார்த்தார். அடித்திருந்தால் நன்றாயிருக்கும் என்றுகூட அந்த நேரத்தில் தோன்றியது. வைத்திலிங்கம் தளத்தின் ஓரமாகப் போய் நின்றான். அவன் முதுகு ஏறி இறங்குவது தெரிந்தது. திரும்பியபோது முகம் கழுவினாற்போல நனைந்திருந்தது.

"எங்கிட்ட சொல்லி என்ன சார் ஆவுது? வூட்டுக்கு வாங்க. அவகிட்ட சொல்லுங்க."

இருவரும் ஆளுக்கொரு சைக்கிளில் டவுன்ஷிப்புக்குத் திரும்பினார்கள். கலியம்மாள் வாசலில் அரிசி புடைக்க முயன்றுகொண்டிருந்தாள். இடது கை முறத்தைத் தூக்கியது, வலது கை ஈடு கொடுக்கவில்லை. சோமசுந்தரம் அவள் எதிரில் நின்று, மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். இரண்டாம் தடவை சொல்வது சுலபமாக இருக்கவில்லை.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். முதலில் அவரைப் பார்க்கவேயில்லை. புருஷனைத்தான் பார்த்தாள். பிறகு அவரிடம் திரும்பினாள்.

"அன்னிக்கே ஆஸ்பத்திரியில சொல்லியிருந்தாலும் இந்தக் கை இப்பிடித்தான் இருந்திருக்கும். அது எனக்கும் தெரியும் சார். ஆனா இந்த எட்டு மாசம் நான் அவரோட மொகம் குடுத்துப் பேசியிருப்பேன். ஒரே வூட்டுல இருந்துக்கினு அவரு சோத்த அவரே போட்டுத் துன்னாரு. நான் ஏன்னு கேக்கல."

சோமசுந்தரம் கைகூப்பினார். மன்னித்துவிடு என்று சொல்லத்தான் வந்தார். அந்தச் சொல்லை அவள் முன்னால் எடுக்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை. என்ன செய்யச் சொன்னாலும் செய்கிறேன் என்றார்.

"குடிச்சிட்டு ஓட்டினாருன்னு சொன்னாங்களே, அவங்க எல்லாருகிட்டயும் போய் இதச் சொல்லுங்க. ஒருத்தர வுடாம சொல்லுங்க. வேற ஒண்ணும் வாணாம்."

சோமசுந்தரம் சொன்னார். முதலில் காண்டீனில், டீ இடைவேளையில், எல்லோரும் இருக்கும்போது எழுந்து நின்று சொன்னார். மேஜை துடைக்கிறவர்கூடத் துணியோடு நின்று கேட்டார். சொல்லி முடித்து உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்தவர் டம்ளரை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போனார். பிறகு தெருவில் வீடு வீடாகப் போனார். சில வீடுகளில், அதனால் என்ன சார், தெரியாமல் நடந்ததுதானே என்றார்கள். தெரிந்துதான் நடந்தது என்று அவர் திருத்த வேண்டியிருந்தது. குறிஞ்சிப்பாடிக்கும் போய்க் கொளஞ்சிநாதனிடம், அன்றைக்கு உங்களிடம் பொய் சொன்னேன் என்றார். அது அப்பவே தெரியும் சார், நீங்க சொன்ன வேகத்துலியே தெரிஞ்சுது என்றார் அவர்.

வைத்திலிங்கம் வடக்குத்துக்கு அதன்பிறகு வரவில்லை. மிச்சமிருந்த நாட்களுக்குத் தளத்துத் தண்ணீரைச் சோமசுந்தரமே ஊற்றினார். வைகாசியில் புதுமனை புகுவிழா வைத்தபோது அவர்கள் வீட்டுக்குப் பத்திரிகையைத் தானே எடுத்துப் போய்க் கொடுத்தார். வைத்திலிங்கம் வாங்கிக்கொண்டான். வரவில்லை. தெருவில் பாதிப் பேர் வரவில்லை. காரை விற்றபோது, வாங்க வந்தவரிடம் அது ஒருமுறை கவிழ்ந்த வண்டி என்றும், எதனால் கவிழ்ந்தது என்றும் விடாமல் சொன்னார். அந்த ஆள் போய்விட்டார். நாலாவதாக வந்தவர் எடுத்துக்கொண்டார்.

அடுத்த வருடம் டம்பர் பயிற்சிக்கு மறுபடி ஆள் எடுத்தபோது வைத்திலிங்கம் மனுப் போட்டான். தேர்வானவர்கள் பட்டியல் ஒட்டியிருந்த பலகையில் சோமசுந்தரம் அவன் பெயரைப் பார்த்தார். கீழிருந்து மூன்றாவது. கூட்டம் கலையும்வரை அங்கேயே நின்றிருந்தார். அவனைத் தேடிப் போய்ச் சொல்லத் தோன்றியது. தன்னிடமிருந்து அதைக் கேட்க அவனுக்கு விருப்பம் இருக்காது என்று திரும்பிவிட்டார்.

அந்த வாரம் நாகம்மாள் கலியம்மாளைப் பார்த்துவர வேண்டும் என்றாள். இடது கையால் துணி வெட்டப் பழகிக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பெண்ணைத் தைக்க வைத்து மறுபடியும் வேலை எடுக்கிறாள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். சோமசுந்தரம் அவளைச் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து வடக்குத்திலிருந்து கூட்டிவந்தார். பழைய தெருமுனையில் நிறுத்தி, நீ போய்வா என்றார். ஒரு மணி நேரம் வேப்பமர நிழலில் நின்றார். தெரிந்தவர்கள் இரண்டு பேர் போனார்கள். ஒருவர் தலையசைத்தார்.

நாகம்மாள் திரும்பி வந்தாள். கையில் ஒரு துணிப்பை மட்டும் இருந்தது.

என்ன சொன்னாள் என்று கேட்டார்.

"டீ போட்டுக் குடுத்தா. நல்லாப் பேசுனா. ரெண்டு ஜாக்கெட்டு குடுத்திருக்கேன், பதினஞ்சு நாள் ஆகும்னா."

"என்னைப் பத்தி?"

நாகம்மாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "நீங்க முனையில நிக்கிறீங்கன்னு சொன்னேன். சரிங்கக்கான்னா. அவ்வளவுதான்."

சோமசுந்தரம் சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து எடுத்தார். அவள் ஏறி உட்கார்ந்ததும், பதினைந்து நாள் கழித்து வாங்க வரும்போதும் இந்த முனைவரை வந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டு மெல்ல மிதித்தார்.